கேப்டன் மச்சாதுவின் பயம்

பயப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். காலையில் போய் ஏசி அறையில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, வேலை முடியும்வரை இன்னொருவருடைய பயத்தை நான் பட வேண்டும். கம்பெனி அந்த வேலைக்கு வைத்திருந்த பெயர் உணர்வுப் பகிர்வு உதவியாளர். எங்கள் தெருவில் அதைப் பயந்தாங்கொள்ளி என்று சுருக்கிவிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தபோது கம்பெனி வைத்த பெயரைவிட இதுதான் பொருத்தமாகப் பட்டது.

அந்த இன்னொருவர் கேப்டன் ஹென்சன் மச்சாது. மணப்பாட்டுக்கு எதிரே கடலுக்குள் வரிசையாக நட்டிருக்கும் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கும் குழுவுக்குத் தலைவர். பத்துத் தென்னையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம், சுற்றிலும் காற்று, கீழே கடல். உச்சியிலிருந்து ஓர் ஆளைக் கயிற்றில் இறக்கிவிடுவார்கள். அவன் தொங்கியபடியே இறக்கையில் விழுந்த வெடிப்பை அடைப்பான். தலைவர் தயங்கினால் ஆட்கள் தயங்குவார்கள், ஆட்கள் தயங்கினால் வேலை நிற்கும். அதனால் தலைவரின் பயத்தை மட்டும் கரையிலேயே வைத்துவிடலாம் என்று கம்பெனி முடிவெடுத்தது. அப்படி வைக்கப்பட்ட இடம் நான்.

காதுக்குப் பின்னால் ஒட்டும் சின்ன வில்லைதான் கருவி. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவர் உடம்பில் பயம் கிளம்பும்போதே அவருடைய வில்லை அதைப் பிடித்து அமுக்கிவிட்டு என் வில்லைக்கு அனுப்பிவிடும். செல்போனில் பேச்சு போவதுபோல் பயம் போகும். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வயிறு கலங்கும்.

இந்த வில்லையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் தாட்சாயணி, சென்னைப் பெண். வேலைக்கு எடுக்கும்போதே அவளிடம் கேட்டேன், இத்தனை படித்தவர்கள் பயத்தை ஒரேயடியாக அழித்துவிட வேண்டியதுதானே என்று.

"அதையும் பண்ணிப் பாத்தோம் இசக்கியம்மா. பகல்ல அமுக்கின பயம் தூக்கத்துல வந்து நின்னுச்சு. ஒருத்தர் மாசக்கணக்கா தூங்கவே இல்ல. அழிக்க முடியல, இடம் மாத்தத்தான் முடியுது. யாராவது ஒருத்தர் அதை முழுசா பட்டு முடிக்கணும்."

அந்த யாராவது நான்தானா என்று கேட்டேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

தேர்வும் விசித்திரமாகத்தான் இருந்தது. உடம்பில் பயத்தை ஏற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொன்னார்கள். என்னோடு வந்தவர்களில் சிலர் அழுதார்கள், ஒரு வாலிபன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடியே போனான். நான் கோத்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மலைப்பாதையில் மினிபஸ் ஓட்டிப் பிழைத்தவள் நான். வளைவில் எதிரே லாரி வந்தால் பயம் போகட்டும், அப்புறம் திருப்பலாம் என்று இருக்க முடியாது. பயந்துகொண்டேதான் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

விதிகள் கடுமையானவை. நானும் கேப்டனும் பேசிக்கொள்ளக்கூடாது. கரையில் யாரோ இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும், யார் என்பது தெரியாது. என் அறையில் காற்றாலைக் கேமராக்களைக் காட்டும் திரை இருந்தது. பயத்தின் அளவைத் தெரிவிக்க ஒரு குமிழ் இருந்தது. நான் குமிழைத் திருகினால் பக்கத்து அறையில் மேலாளர் ரகோத்தமனுக்கு ஓர் எண் தெரியும். வேலையை நிறுத்துவதா தொடர்வதா என்று அவர் முடிவு செய்வார். கடலோடு பேசும் மைக் அவர் மேசையில் மட்டும்தான்.

ஒருவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவர் பயத்தை மட்டும் தினமும் வாங்கிக்கொண்டிருந்தால், கட்டிய மனைவிக்குத் தெரியாததும் தெரிந்துவிடும். கேப்டன் உயரத்துக்குப் பயப்படுவார் என்றுதான் நினைத்திருந்தேன். உயரத்துக்கான பயம் உள்ளங்காலில் வரும். அது கொஞ்சமாகத்தான் வந்தது. பெரிய பயம் அடிவயிற்றில் வந்தது. அதுவும் ஏறும்போது வராது. கடலுக்குப் போகும் போட்டில் ஆட்கள் அவரைத் திரும்பிப் பார்க்கும்போது வரும், ரகோத்தமன் போனில் கூப்பிடும்போது வரும். தப்பாக ஒரு முடிவெடுத்து, பயல்கள் முன்னால் அசிங்கப்பட்டு விடுவோமோ என்ற பயம். மலைபோல் நிற்கிறார் என்று ஊரே சொன்ன மனிதருக்கு உள்ளே ஓயாமல் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

அவருடைய குழுவில் பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். போட்டு கரையை விட்டால் பயம் என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கக்கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. சொன்னால் வந்துவிடும் என்பார்கள். வாயால் கேட்க வழியில்லை என்பதால் கண்ணால் கேட்டுக்கொண்டார்கள். ஏறுவதற்கு முன் கேப்டன் தன் கொக்கியை முதலில் மாட்டுவார். எல்லோரும் அந்தக் கையைப் பார்ப்பார்கள். கை நடுங்கவில்லை என்றால் ஏறலாம். காற்றை அளக்கும் மீட்டர் இருக்கிறதே என்றால், மீட்டர் பொய் சொல்லும், கேப்டன் கை சொல்லுமா என்பார்கள். வில்லை வந்த பிறகு அந்தக் கை ஒருநாளும் நடுங்கவில்லை. நடுங்கியது என் கைதான், ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்?

இரண்டு வருடத்தில் ஹென்சன் மச்சாது பெரிய ஆளாகிவிட்டார். அவர் குழு முடித்த வேலையை வேறு எந்தக் குழுவும் முடிக்கவில்லை. கம்பெனி ஆண்டு விழாவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தலைமைப் பண்பு பற்றிப் பேச அவரை மேடையேற்றினார்கள். முக்கியமான நாள், கேப்டன் தடுமாறக்கூடாது என்று வில்லையைக் கழற்ற வேண்டாம் என்று எனக்கும் உத்தரவு. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வெள்ளைச் சட்டையில் வந்து நின்று, பயம் என் பக்கமே வந்ததில்லை, நீங்களும் வர விடாதீர்கள் என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எனக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு முதுகெல்லாம் வேர்வை. பக்கத்தில் இருந்த பெண் சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று ஒரு மிட்டாயைக் கொடுத்தாள். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பயம் அவர் பக்கம் வரவேயில்லை, நேராக என்னிடம் வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு வேறு கம்பெனிகளும் வில்லையைக் கேட்டன. ஒரு கட்சிக்காரர்கூட விசாரித்துவிட்டுப் போனதாகப் பேச்சு. அந்தப் பயத்தைத் தாங்க எத்தனை நாற்காலி போட வேண்டுமோ என்று தாட்சாயணியிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

ஆனி மாதக் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாள். இரண்டு வாரமாகக் கடலுக்குப் போக முடியாமல் வேலை தேங்கிக் கிடந்தது. அன்றைக்குக் காற்று கொஞ்சம் தணிந்திருந்தது, மீட்டர் அனுமதிக்கும் அளவுக்குள்தான் இருந்தது. கேப்டன் கொக்கியை மாட்டினார். கை கல்லாக நின்றது. எல்லோரும் ஏறினார்கள். முத்துக்குட்டி என்ற வாலிபன் கயிற்றில் இறங்கி, பிரேக் போட்டு நிறுத்தி வைத்திருந்த இறக்கையில் வேலையைத் தொடங்கினான். போன தை மாதம்தான் அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது.

காலையிலிருந்து எனக்கு அதிசயமாக ஒன்றும் இல்லை. வயிறு சும்மா கிடந்தது. இன்றைக்குக் கேப்டன் நல்ல தெம்பாக இருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துக்குட்டி கொஞ்ச நேரம் வேலை செய்தான். பிறகு தலையைத் தூக்கி மேலே கேப்டனைப் பார்த்தான். மறுபடி குனிந்தான், மறுபடி பார்த்தான். கயிற்றில் தொங்குகிற ஆள் கையைத்தான் பார்ப்பான், மேலே பார்க்க மாட்டான். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போது பயம் வந்தது. எப்போதும் வரும் இடத்தில் வரவில்லை, தொண்டையில் வந்து முள்ளாக நின்றது. கேப்டனிடமிருந்து இப்படி ஒரு பயம் இதுவரை வந்ததில்லை. அவர் எதையோ கண்டுவிட்டார், கண்டது அவருக்கே தெரியாமல் தகவல் என்னிடம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். குமிழைக் கடைசிவரை திருகினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். ரகோத்தமன் கெட்டவர் இல்லை. மேலே இருந்து வேலையை முடி முடி என்று அவர் கழுத்தைப் பிடித்திருந்தார்கள். மீட்டரைக் காட்டினார், திரையில் கேப்டனின் அமைதியான முகத்தைக் காட்டினார். பயம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. திட்டமே அதுதான்.

எனக்கு இரண்டே வழிதான் இருந்தது. நாற்காலிக்குத் திரும்பிப் போய் வழக்கம்போல் பயந்துகொண்டிருக்கலாம். இல்லையென்றால் என் வில்லையைப் பிய்த்து எறியலாம். என் வில்லை கழன்றால் அவருடைய வில்லை வேலை செய்யாது, அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். அவர் பயம் அவரிடமே போய்விடும். ஆனால் இரண்டு வருடமாகப் பயந்து பழக்கமில்லாத மனிதர், அந்த உயரத்தில், ஒரே நொடியில் எப்படித் தாங்குவார்? அவர் கையை விட்டால் கயிற்றில் இருப்பவன் கதி என்ன? யோசிக்க நேரமில்லை. மேசையிலிருந்த மைக்கை எடுத்தேன்.

"கேப்டன், என் பேரு இசக்கியம்மா. உங்க பயத்த இத்தன நாளா நான்தான் வச்சிருக்கேன். இன்னைக்கு அது வேற மாதிரி வருது. முத்துக்குட்டி உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு நிக்கான். பயத்த இப்பத் திருப்பித் தாரேன். பிடிச்சுக்கிடுங்க."

வில்லையைப் பிய்த்தேன். தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

திரையில் கேப்டன் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்துவிட்டார். அந்தக் கை நடுங்கியது. மேலே நின்ற ஆட்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ரகோத்தமன் மைக்கைப் பிடுங்கக் கையை நீட்டியவர், திரையைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். லைனில் கேப்டனின் மூச்சு மட்டும் கேட்டது.

"விழ மாட்டிய," என்றேன். "நானும் தெனமும் விழப்போறோம்னுதான் நெனப்பேன், கரையில ஒரு நாற்காலியில உக்காந்துக்கிட்டு. அதப் போகச் சொல்லாதிய, போகாது. கூடவே இருக்கட்டும். என்னத்துக்கு வந்திருக்குன்னு மட்டும் கேளுங்க. பெறவு கூட நிக்கவுகளயும் கேளுங்க."

திரையில் அவர் தலை இன்னும் குனிந்தது. நான் கொன்றுவிட்டேன், இரண்டு பேரையும் நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் குரல் வந்தது, மேடையில் கேட்ட குரலில் பாதிகூட இல்லை.

"எலேய்... எனக்குப் பயமா இருக்குல."

கடலுக்குள் சொல்லக்கூடாத சொல். லைனில் காற்று இரைந்தது. முத்துக்குட்டிதான் முதலில் பேசினான்.

"எனக்கும்தான் அண்ணாச்சி. வந்ததுல இருந்தே. இறக்கை லேசா அசையுது, பிரேக் சரியாப் பிடிக்கலன்னு நெனைக்கேன். உங்க கையப் பாத்தேன், நடுங்கல. சரி, நமக்குத்தான் கிறுக்குன்னு விட்டுட்டேன்."

மேலே நின்ற இன்னொருவனும் பிரேக் பக்கம் ஏதோ சத்தம் கேட்டதாகச் சொன்னான். காலையிலேயே கேட்டானாம். கேப்டன் நடுங்கிக்கொண்டே எழுந்தார். நடுங்கிக்கொண்டே, மேலே தூக்குங்கல என்றார். மேலே நின்ற நான்கு பேரும் கயிற்றை இழுத்தார்கள். முத்துக்குட்டி பாதி வருவதற்குள் பிரேக் விட்டுவிட்டது. அத்தனை பெரிய இறக்கை மெல்லத்தான் திரும்பியது, அதற்கே அவன் தோளில் பட்ட அடியில் எலும்பு முறிந்தது. கீழே அவன் தொங்கிய இடத்திலேயே இருந்திருந்தால் எலும்போடு போயிருக்காது. ரகோத்தமன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

விசாரணை நடந்தது. என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். விதியை மீறியது பற்றி ஒருவர் கேட்டார், உயிரைக் காப்பாற்றியது பற்றி இன்னொருவர் கேட்டார், எதை எழுதுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் தாட்சாயணி வீடு தேடி வந்தாள். உட்கார மாட்டேன் என்று நின்றவள், காபி கொடுத்த பிறகு உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய போகக்கூடாது," என்றாள். "அன்னைக்கு போட் கிளம்பறதுக்கு முன்னாடியே வில்லையோட லைன் போயிடுச்சு. மைக்கும் கேமராவும் வேற லைன், அதுக்கு ஒண்ணும் ஆகல. கடல்ல இருக்கற டவர்ல உப்பு ஏறிடுச்சு. லைன் இருக்குன்னு காட்டற பச்சை விளக்கு மட்டும் சும்மா எரிஞ்சுட்டிருந்திருக்கு. அவர் வில்லை எதையும் அமுக்கல. உங்க வில்லைக்கும் ஒண்ணும் வரல."

எனக்கு உடனே விளங்கவில்லை. அப்படியானால் எனக்கு வந்த பயம் யாருடையது என்று கேட்டேன்.

"உங்களோடது இசக்கியம்மா. நீங்களா பாத்து, நீங்களா பயந்திருக்கீங்க."

தொண்டையில் வந்தது ஏன் என்று அப்போது புரிந்தது. அடிவயிறு அவருடைய இடம். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. உங்கள் பயத்தைத் தருகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள் என்று அத்தனை தோரணையாகச் சொல்லி, வெறுங்கையை அல்லவா நீட்டியிருக்கிறேன், அவரும் என் சொல்லை நம்பித்தான் மடங்கி உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் சந்தோஷமாக இருந்தது. அடுத்தவர் பயத்தை ஊற்றி வைக்கும் பாத்திரம் என்றே என்னை நினைத்திருந்தேன். அந்த மைக்கை எடுத்தது முழுக்க நானேதான். தாட்சாயணி காபியைக் குடித்துவிட்டு, கேப்டனுக்கு இது தெரியவே கூடாது என்று மேலிடத்து உத்தரவு என்றாள். தெரிந்தால் அப்புறம் யார் வில்லையை ஒட்டுவார்கள்?

கேப்டன் அந்த வாரமே வந்தார். இரண்டு வருடப் பழக்கம், ஆனால் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேடையில் தெரிந்ததைவிடக் குள்ளம், முகத்தில் தூக்கமே இல்லை. தம்பி என்றுதான் கூப்பிட வாய் வந்தது. அவரும் அக்கா என்றார்.

வேலையை விடப்போவதாகச் சொன்னார். படகுத்துறையில் கால் வைத்ததுமே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறாராம். பயல்கள் யாரும் கேலி செய்யவில்லை, நீங்கள் வந்தால்தான் ஏறுவோம் என்று தினமும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவர்கள் கூப்பிடுவது பயமில்லாத ஹென்சனை, அந்த ஆள் இப்போது இல்லை என்றார். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார்.

"கம்பெனில வில்லைய மறுபடி தாரேங்காங்க. நீங்க சம்மதிச்சாத்தான். இன்னொரு தடவ வாங்கிக்கிடுவியளாக்கா?"

நான் சரி என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வேலை கிடைக்கும், அவருக்குப் பழைய பெயர் கிடைக்கும். இன்னொரு நாள் இன்னொரு முத்துக்குட்டி, நடுங்காத அந்தக் கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வான். தாட்சாயணியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"தம்பி, அன்னைக்கு நான் ஒண்ணும் திருப்பித் தரல. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. காலையிலயே லைன் அந்துபோச்சு. போட்டுல ஏறும்போதே உங்க பயம் உங்ககிட்டதான் இருந்துச்சு."

அவர் நம்பவில்லை. தாட்சாயணி சொன்னதை அப்படியே சொன்னேன், உப்பு ஏறியது, பச்சை விளக்கு எரிந்தது எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"காலையில வயித்துல ஒரு பிடிப்பு இருந்துச்சு," என்றார் மெதுவாக. "ராத்திரி தின்ன புரோட்டா சேரலன்னு நெனச்சேன். சோடா வாங்கிக் குடிச்சேன்."

"அது புரோட்டா இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. போட்டில் ஏறியது, ஏணியைப் பிடித்தது, உச்சிக்குப் போனது என்று அந்தக் காலையை ஒவ்வொரு படியாகத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அப்ப கொக்கிய மாட்டினது?"

"நீங்கதான்."

"கை நடுங்கலயே."

"நடுங்கல. எல்லாப் பயத்தையும் உள்ள வச்சுக்கிட்டுத்தான் மாட்டினிய. உங்களால முடியும் தம்பி, அத யாரும் உங்களுக்குத் தரல. ஆனா கை நடுங்காதவரு வாயால சொல்லணும். நீங்க சொல்லாததால பயலுவளும் சொல்லல. அம்புட்டுத்தான் நடந்தது."

ஊற்றி வைத்த காபி ஆறிப் போனது. அவர் எழுந்து, முத்துக்குட்டியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பயலுவ எல்லாத்தையும் கூப்பிட்டு இதச் சொல்லணும். வில்லை, நீங்க, நான் மேடையில பேசுனது, எல்லாத்தையும். நெனச்சாலே பயமா இருக்குக்கா."

இரண்டு வருடப் பழக்கத்தில் நான் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அது அவரிடமே இருந்தது. அதோடுதான் அவர் படியிறங்கித் தெருவில் நடந்து போனார்.